மேடையில் ஆடியவர் நடனம் அமைக்க வந்தால்: தக்கராசுகா பற்றிய அனுபவப் பகிர்வு (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

கடைசி வரிசை:

2024 ஜனவரியில் ஜப்பானின் தக்கராசுகா இசைநாடக அரங்கின் குழுக்களில் ஒன்றான ஸ்டார் குழு ஆர்.ஆர்.ஆர். கதையை மேடையேற்றியதிலிருந்து நம்ம ஆட்கள் நிறையப் பேர் இந்த அரங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். ரெய் மகோத்தோ பீமாக வந்து ஆடியதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி, இதற்கெல்லாம் டான்ஸ் மாஸ்டர் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான்.

பெண்கள் மட்டுமே நடிக்கும் இந்த அரங்கில் ஆடி முடித்து வெளியேறியவர்களில் சிலர் நடன அமைப்பாளர்களாகத் திரும்பி வருகிறார்கள். சா தமாஎ நல்ல உதாரணம். தக்கராசுகா மேடையில் இருந்தவர். வெளியே வந்து நாடகக்காரர் நோதா ஹிதேகியின் யுமே நோ யூமின்ஷா குழுவின் நாடகங்களுக்கு நடனம் அமைத்தார். 1985-இல் டி.எஸ். மியூசிக்கல் ஃபவுண்டேஷன் என்று சொந்தமாக ஒரு குழு தொடங்கினார். பிறகு தாய்வீட்டுக்கே வந்து 1998-இல் மூன் குழுவுக்குக் 'குரோய் ஹிதோமி', 1999-இல் காஸ்மோஸ் குழுவுக்குக் 'கெகிஜோ', 2000-இல் ஸ்னோ குழுவுக்குக் 'கைசென்மோன்' என்று வரிசையாக இயக்கமும் நடன அமைப்பும் சேர்த்தே செய்தார். மூன்றுக்கும் எழுத்து ஷிபாதா யுகிஹிரோ.

ஆடத் தெரிந்த எல்லாருக்கும் அமைக்க வந்துவிடாது. நடுவில் எதைக் கற்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். வேலை நுணுக்கம் மட்டும் போதும். டிக்கெட் கிடைத்த கதை, செல்ஃபி எல்லாம் வேண்டாமே.

பின்னரங்கு:

முதலில் ஏணிப்படியைச் சொல்லிவிடுகிறேன். தக்கராசுகா இசைப்பள்ளியில் 2 வருடப் படிப்பு. 15 முதல் 18 வயதுக்குள்தான் நுழைவுத் தேர்வு எழுத முடியும், ஒரு ஆண்டுக்குத் தேறுபவர்கள் 40 பேர் அளவில். மேடைக்கு வந்தபின் ஒவ்வொரு வருடத்தையும் 'கென் 1', 'கென் 2' என்று எண்ணுவார்கள். முதல் 7 வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு 'ஷின்ஜின் கோஎன்' என்று ஒன்று உண்டு. அதே நாடகம், அதே உடை, அதே அரங்கம். பெரியவர்களின் பாத்திரத்தை இளையவர்கள் செய்வார்கள். தக்கராசுகா ஊரில் ஒரு காட்சி, டோக்கியோவில் ஒரு காட்சி, அவ்வளவுதான்.

மாஸ்டர் ஆகும் பயிற்சி உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூத்தவரின் அசைவை அப்படியே வாங்க வேண்டும். தன் இடத்து அசைவை இன்னொரு இளையவருக்குக் கொடுக்கவும் வேண்டும். இந்தக் கைமாற்றலுக்கு 'ஃபுரி உட்சுஷி' என்று பெயர். வீடியோவைப் பார்த்து எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: எதிரிலிருந்து எடுத்த வீடியோவில் வலது இடதாகத் தெரியும். கை கால் திரும்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். மேடையில் நிற்கும் பக்கத்தையே மாற்றி எடுத்துவிட்டால்தான் வினை, மொத்த அணியும் ஒத்திகை நடுவில் முட்டிக்கொள்ளும். அதனால்தான் கமிதே, ஷிமோதே என்ற சொற்களை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். பார்வையாளர் அமர்ந்து பார்க்கையில் வலப்பக்கம் கமிதே, இடப்பக்கம் ஷிமோதே. ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மாறாது.

அடுத்த படி, உதவியாளர். அதற்கடுத்து ஒரே ஒரு காட்சி. தக்கராசுகா நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே படைப்புக்கு நான்கைந்து நடன அமைப்பாளர்கள் பெயர் இருக்கும். 55 நிமிட ரெவ்யூவை, அதாவது பாட்டும் நடனமும் கோர்த்த நிகழ்ச்சியை, காட்சி காட்சியாகப் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். புதியவருக்குக் கிடைப்பது 3 நிமிடத் துண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 360 தட்டு, எட்டெட்டாகப் பிரித்தால் 45 எட்டு. ஒத்திகைக் கூடத்தில் 'ஒன் எயிட், டூ எயிட்' என்றே எண்ணுவார்கள். முதல் தடவை அமைப்பவர் 45 எட்டுக்கும் ஸ்டெப் யோசித்துக்கொண்டு வந்து நிற்பார். உள்ளே வர 2 எட்டு, வெளியே போக 2 எட்டு, கைதட்டலுக்கு நிற்க ஒன்று, அணி மாற நாலைந்து இடத்தில் ஒவ்வொரு எட்டு. ஸ்டெப்புக்கு மிஞ்சுவது 35 எட்டுதான். கொண்டுவந்ததில் பத்து எட்டை அங்கேயே கீழே போட வேண்டிவரும். பாவம், போடவும் மனசு வராது.

எட்டுக்கட்டை:

பின்னரங்கு அண்ணன் அணி மாற்றத்தைத் தொட்டதால் கணக்குக்கு வருகிறேன். அங்கே மேடை விளிம்பில் எண்கள் இருக்கும். நட்டநடு 0, அங்கிருந்து இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று போகும். 'கமி 3', 'ஷிமோ 5' என்றால் எல்லாருக்கும் புரியும். 0-இல் நிற்பது குழுவின் முதல் நட்சத்திரம். ஒத்திகைக் கூடத்துத் தரையிலும் இதே எண்கள் இருப்பதால் மேடைக்குப் போன முதல் நாளே தடுமாறாமல் நிற்கிறார்கள். எண்ணில் அடங்காத இடத்துக்குத்தான் தரையில் டேப் ஒட்டுவது, அதற்குப் 'பாமிரி' என்பார்கள். மேடையில் ஆடிப் பழகியவர் அமைத்தால் பாமிரி குறைவாக இருக்கும். வெளியிலிருந்து வருபவர் அழகான கோலம் ஒன்றை வரைந்து வருவார், அதில் ஒரு புள்ளிகூட எந்த எண்ணிலும் உட்காராது.

ஜப்பானிய மேடை அளவு இன்னும் 'கென்' என்ற நீள அளவில்தான் (வருடத்தை எண்ணும் 'கென்' வேறு). 1 கென் சுமார் 182 செ.மீ. அரை கென் 91 செ.மீ., கையைப் பாதி விரித்து ஆட அது போதும். வட்டக் கூண்டு வைத்த பாவாடை கட்டினால் போதாது, அதன் விட்டமே 1 மீட்டரைத் தாண்டும். ஒத்திகையில் பயிற்சி உடையில் சுகமாக ஆடிவிட்டு, உடை வந்த நாளில் பெண் வேடக்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவது இதனால்தான். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே கூண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்வது, அதைக் கட்டி ஆடிய அனுபவம் உள்ளவர்தான்.

இப்போது வரிசை நடனம். அங்கே 'ராக்கெட்' என்பார்கள். 1927-இல் கிஷிதா தத்சுயாவின் 'மோன் பாரி' ரெவ்யூவோடு வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஆண்டுப் புதுமுகங்கள் 40 பேரளவில் முதலில் ஆடுவது இதைத்தான். உயரமானவர்கள் நடுவில், குட்டையானவர்கள் ஓரத்தில். கை அடுத்தவர் இடுப்புக்குப் பின்னால் போகும், ஆனால் அழுத்தக் கூடாது. ஒருவர் சாய்ந்தால் எட்டுப் பேர் சாய்வார்கள்.

இதில் அடிக்கடி கெட்டுப்போவது, வரிசை நேராக நின்றபடி சுழலும் இடம். தோளோடு தோள் 20 பேர், ஆளுக்கு 45 செ.மீ. என்றால் வரிசை 9 மீட்டர். ஒரு ஓரத்தை அச்சாக வைத்துக் கால்வட்டம் சுற்றச் சொன்னால் கடைசி ஆள் நடக்க வேண்டியது 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2 எட்டில், அதாவது 16 அடியில், முடிக்கச் சொன்னால் அடிக்கு 88 செ.மீ. குதிகால் செருப்போடு முடியாத காரியம். அவர் ஓடுவார், வரிசை அரிவாள் மாதிரி வளையும். மாஸ்டர் கடைசி ஆளைத் திட்டுவார். தப்பு அவர் மேல் இல்லை. நடுவை அச்சாக வைத்தால் கடைசி ஆளுக்கு 7 மீட்டர்தான், அடிக்கு 44 செ.மீ., சுகமாக வரும். இல்லையென்றால் ஓர அச்சையே வைத்துக்கொண்டு 4 எட்டு கொடுக்க வேண்டும். ஓரத்தில் நின்று ஓடிக் களைத்தவருக்கு இந்தக் கணக்கு காலிலேயே இருக்கும்.

படிக்கட்டு:

பெயருக்கு ஏற்ற மாதிரி படிக்கட்டைப் பற்றியே எழுதுகிறேன்!

இறுதிக் காட்சியில் இறங்கி வரும் பெரிய படிக்கட்டுக்கு 26 படி. 'மோன் பாரி'யில் இருந்தது 16 படி. ஒவ்வொரு படியின் அகலமும் 23 செ.மீ.தான். ஆண் வேடக்காரர்களின் காலணி அதைவிட நீளம். நேராகக் காலை வைத்தால் முன்பாதம் வெளியே தொங்கும். அதனால் பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து இறங்குவார்கள். குனிந்து பார்க்கவே கூடாது. கண் இரண்டாம் மாடிப் பார்வையாளர்கள் மேல் இருக்கும். அடுத்த படி எங்கே என்று குதிகால்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

படிக்கட்டு முழுக்கக் கறுப்பு டெயில்கோட் போட்ட ஆண் வேடக்காரர்கள் ஆடும் காட்சிக்குக் 'குரோஎன்பி' என்று பெயர். பார்க்கும்போது சுலபம். அசைவே குறைவாகத் தெரியும். குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 23 செ.மீ.யில் முழுச்சுற்று சுற்ற முடியாது. கால்சுற்று, அரைச்சுற்று, அதுவும் எடை பின்காலில் இருக்கும்போது மட்டும். பக்கவாட்டில் நகரலாம், முன்னும் பின்னும் முடியாது. முன் படியில் நிற்பவரின் தலை பின்னால் நிற்பவரின் இடுப்பை மறைக்கும் என்பதால் இடுப்புக்குக் கீழே செய்யும் நுணுக்கம் முன்வரிசைக்கு மட்டுமே பயன்படும். மிஞ்சுவது தோள், தலை, கை.

கையிலும் சிக்கல் உண்டு. டெயில்கோட்டில் முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் கோட்டு மொத்தமும் மேலே ஏறும், கழுத்துப் பட்டை காது வரை வரும், இடுப்பில் வெள்ளை தெரியும். உள்ளே இடுப்பு வளைவை மறைக்கத் துணி சுற்றியிருப்பார்கள், அந்த உழைப்பு அத்தனையும் வீண். அதனால் நல்ல குரோஎன்பியில் கை மேலே போவது அபூர்வம், போனால் அது அந்தக் காட்சியின் உச்சம். முழங்கையைத் தாழ்த்தி மணிக்கட்டை மட்டும் நீட்டுவது, கோட்டு விளிம்பைப் பின்னுக்கு ஒதுக்குவது, ஒரே திசையில் 30 தலை திரும்புவது, இப்படித்தான் ஓடும். மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தலை திரும்பல் ஒன்றே போதும்.

பெண் வேடக்காரர் பக்கம் இன்னொரு இரகசியம். ஜோடி நடனத்தில் ஆண் வேடக்காரர் உயரமாகத் தெரிய வேண்டும். இருவரும் பெண்கள், உயர வித்தியாசம் சில நேரம் சில செ.மீ. தான். பெண் வேடக்காரர் பாவாடைக்குள் முழங்காலை மடக்கியே நிற்பார், அப்படியே ஆடவும் செய்வார். தூக்கிச் சுற்றும் இடத்தில் ஆண் வேடக்காரரின் பலத்தைவிட, தூக்கப்படுபவர் எந்தத் தட்டில் தானாக எம்புகிறார் என்பதுதான் முக்கியம். அரைத் தட்டு பிந்தினால் தூக்குபவரின் முதுகு போச்சு. ஒரே நாளில் இரண்டு காட்சி இருக்கும் மேடையில் இதைத் தினமும் செய்ய வேண்டும்.

கடைசியில் முதல் நட்சத்திரம் முதுகில் பல கிலோ இறகைச் சுமந்து இறங்குவார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தாமல் படியை ஒழித்து வைக்க வேண்டும். திரும்புவதாக இருந்தால் மெதுவாகத்தான், இறகு காற்றைப் பிடித்து ஆளைப் பின்னால் இழுக்கும்.

கடைசி வரிசை:

அப்படியே கண்முன் வருகிறது. ஒரு சந்தேகம். வெளிநாட்டு மியூசிக்கல்களை ஜப்பானிய மொழியில் போடும்போது அசைவை மாற்றுகிறார்களா, அப்படியே எடுக்கிறார்களா?

தாளக்கட்டு:

உரிமம் எப்படி என்பதைப் பொறுத்தது. அசலை அப்படியே போட வேண்டும் என்ற ஒப்பந்தமென்றால் விரல்கூட மாற்ற முடியாது, உள்ளூர்க்காரர் காவலாளிதான். மாற்றலாம் என்றால் அங்கேதான் உள்ளூர் மாஸ்டருக்கு நிஜ வேலை.

பிராட்வே மியூசிக்கல் ஜப்பானிய மொழியில் முதலில் வந்தது 1963-இல், டோக்கியோ தக்கராசுகா அரங்கில் 'மை ஃபேர் லேடி'. எரி சியேமிதான் நாயகி எலைசா. தக்கராசுகா குழுவே 1967-இல் 'ஓக்லஹோமா'வைப் போட்டபோது ஆக்னஸ் டி மில்லின் நடனத்தைக் கற்றுக்கொடுக்க ஜெம்ஸி டி லாப் நேரில் வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை தலைவலி ஒன்றே: மொழி.

ஜப்பானிய மொழியில் ஒரு சுரத்துக்கு ஒரு அசைதான் உட்காரும். ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு ஒரு சுரம், ஜப்பானிய மொழியில் 'வதாஷி', மூன்று சுரம். அதனால் பாதிச் செய்தி அடுத்த வரிக்குத் தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், வினை கடைசியில் வருவது. நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'உன்னை ஒருபோதும் விடமாட்டேன்' என்ற வரியில் ஆங்கிலக்காரன் மறுப்பை இரண்டாவது மூன்றாவது சொல்லிலேயே சொல்லிவிடுவான், தலையாட்டலும் அங்கேயே விழும். ஜப்பானிய மொழியில் 'ஹனசனாய்', மறுப்பு கடைசி இரண்டு அசையில். நம்ம 'மாட்டேன்' மாதிரியே. அசல் அசைவை அப்படியே வைத்தால் தலை முன்னாடியே மறுத்துவிடும், வாய் அரை எட்டு கழித்து மறுக்கும். கூட்டத்துக்கு ஏன் என்று தெரியாது, என்னவோ ஒட்டவில்லை என்று மட்டும் படும். இதைச் சரிசெய்ய அசைவை மாற்ற வேண்டியதில்லை. கை கிளம்புவதை அதே தட்டில் வைத்துவிட்டு முடிவதைத் தள்ளிப் போட்டால் போதும்.

தானே பாடி ஆடியவருக்கு இன்னொன்றும் தெரியும், மூச்சு. ஆர்.ஆர்.ஆர்.-இன் 'நாட்டு நாட்டு' பாட்டைப் படத்துக்காகக் கீவ் நகரில் பல நாள் துண்டு துண்டாக எடுத்தார்கள், பாடுபவர் வேறு, ஆடுபவர் வேறு. மேடையில் இரண்டும் ஒரே ஆள். நீண்ட சுரம் வரும் இடத்தில் குதி இருக்கக் கூடாது, குதி முடிந்து ஒரு தட்டாவது இளைப்பாறிய பிறகே வரி தொடங்க வேண்டும். மாஸ்டர் இதைக் கவனிக்காவிட்டால் முதல் வாரம் சமாளிப்பார்கள், மூன்றாம் வாரம் குரல் கட்டும்.

பின்னரங்கு:

தம்பி சொன்ன மூச்சோடு உடை மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 120 வேகத்தில் நாலு தட்டுக் கட்டம் 16 என்றால் 64 தட்டு, 32 நொடி. அந்த 32 நொடியில் கோட்டு, சட்டை, காலணி மாற்றி எதிர்ப்பக்கம் வந்து நிற்கச் சொன்னால் நடக்காது. பக்கம் மாறப் பின்திரைக்குப் பின்னாலோ மேடைக்கு அடியில் 'நராகு' வழியாகவோ ஓட வேண்டும். நராகு என்றால் நரகம், சமஸ்கிருதத்திலிருந்து போன அதே சொல்தான்! மேடையில் ஆடியவர் அமைத்தால், அடுத்த காட்சிக்கு ஷிமோதேயிலிருந்து வர வேண்டியவர் இந்தக் காட்சியின் கடைசி எட்டில் ஷிமோதே பக்கமாக நின்றிருப்பார். கோலத்துக்காக அல்ல, ஓட்டம் மிச்சமாகத்தான்.

வெள்ளிப் பாலத்தையும் மறக்காதீர்கள். இசைக்குழுப் பள்ளத்துக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் வளைந்து போகும் 'கின்கியோ'. திரைக்குப் பின்னால் படிக்கட்டை நகர்த்தும் நேரத்தில் யாராவது அதில் பாடிக்கொண்டு நடப்பார்கள். அங்கே நிற்பவருக்கு இசை நடத்துநர் முதுகுப் பக்கம். கையைப் பார்க்க முடியாது, காதை மட்டுமே நம்ப வேண்டும். அதனால் அங்கே நிறுத்தி, தொடங்கி, வேகம் மாற்றி என்று வித்தை காட்டக் கூடாது. நடை, திரும்பல், கண்சிமிட்டல் போதும். கண்சிமிட்டலுக்குத்தான் கூட்டம் அலறும் என்பது வேறு விஷயம்.

சலங்கை:

எல்லாரும் தக்கராசுகாவையே சுற்றுகிறீர்கள். ஆண்கள் வந்த வழியும் இருக்கிறது. ஷிகி நாடகக் குழுவின் கதோ கெய்ஜி 'கேட்ஸ்'-இல் மிஸ்டோஃபிலீஸ், 'கிரேஸி ஃபார் யூ'வில் பாபி என்று ஆடிவிட்டு, அதே குழுவுக்கு 'சாங் அண்ட் டான்ஸ்' வரிசையை அமைத்தார். மஜிமா ஷிகேகி நிச்சிகெகி டான்சிங் டீமில் ஆடியவர். 1936-இல் தொடங்கிய அந்தக் குழு அரங்கம் மூடியதோடு 1981-இல் முடிந்தது. ஜப்பானே ஆடிய 'மாட்சுகென் சம்பா 2'-வுக்கு நடனம் அமைத்தவர் அவர்தான், 2024-இல் மறைந்தார். அந்த நடனத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் பொன் கிமோனோவில் நிற்கும் நடிகருக்குக் காலில் வேலை மிகக் குறைவு, சுற்றி நிற்பவர்களுக்குத்தான் முழு வேலை. கிமோனோவின் மடிப்பு எவ்வளவு அகலம் காலை விடும் என்று தெரிந்தவரின் கணக்கு அது.

உஏஷிமா யுகியோ இன்னொரு வகை. 2003-இல் தொடங்கிய 'பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' மியூசிக்கலின் இயக்கமும் நடனமும் தொடக்கத்தில் அவருடையது. மேடையில் பந்தே இல்லை. பந்து போகும் வழியை விளக்கொளியும் சத்தமும் காட்டும். மட்டை வீச்சு ஒரு தட்டு பிந்தினால் பந்து மட்டையில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடும், கூட்டம் சிரித்துவிடும். அதனால் அங்கே வீச்சும் நடன எண்ணிக்கைதான்.

எட்டுக்கட்டை:

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் நடனமும் ஊமை நாடகமும் படைப்புகள் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் எல்லா அசைவும் அதில் அடங்காது. 2012-இல் ஒரு திரைப்படத்தின் பால்ரூம் நடனம் தொடர்பான வழக்கில், வழக்கமான ஸ்டெப்புகளைக் கோர்த்தது மட்டும் போதாது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-இல் ஹூலா நடன வழக்கில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் நடன அமைப்பாளருக்கு உரிமை உண்டு என்றது. ஹூலாவில் சொல்லுக்கு இன்ன கையசைவு என்று மரபு இருக்கிறது, அதிலிருந்து விலகித் தனித்தன்மையோடு அமைத்த பகுதிகள் இருப்பதுதான் அங்கே எடை போட்டது. ஆகவே உதவியாளராக இருக்கும்போதே, எந்த எட்டு யார் அமைத்தது என்று தேதியோடு குறித்து, வீடியோவும் எடுத்து வைப்பவர்தான் புத்திசாலி.

படிக்கட்டு:

ஒரே ஒரு சேர்க்கை, 'சோன்பா'. ஜப்பானிய பாணி ரெவ்யூக்களின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். அரங்கம் கும்மிருட்டு. மரக்கட்டை 'சோன்' என்று ஒரு தட்டு. 'பா' என்று எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியும்போது முழுக் குழுவும் கிமோனோவில், இடத்தில், முகபாவத்தோடு நிற்கும். பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடும்.

மாஸ்டருக்குத் தலைவலி அந்த இருட்டுதான். உள்ளே வந்து நிற்க ஒளிரும் டேப் துணுக்குகளை ஒட்டுவார்கள். அந்த டேப் முன்பே வெளிச்சம் குடித்திருந்தால்தான் ஒளிரும். அதற்கு முன் மேடை நீண்ட நேரம் இருட்டாகக் கிடந்தால் மங்கிவிடும். நிறைய ஒட்டினால் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு நட்சத்திர மண்டலம் மாதிரி தெரிந்து ரகசியம் உடைந்துவிடும். அதனால் வரிசைக்கு இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மட்டும் ஒட்டி, மற்றவர்கள் பக்கத்தவரின் கிமோனோக் கைப்பகுதியைத் தொட்டு அளந்து நிற்பார்கள். முதலில் பின்வரிசை, கடைசியில் முன்வரிசை. மாற்றி வந்தால் இருட்டில் யாராவது அடுத்தவர் கிமோனோவின் பின்விளிம்பை மிதிப்பார்கள். விளக்கு எரிந்ததும் அவர் முதல் அடி எடுத்து வைக்கும்போதுதான் அது தெரியவரும்.